பழுதான 8 பிட் டிவி கேம் பெட்டியை எமுலேஷன் இயந்திரமாக மாற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

90களின் பிற்பாதியில் நம் ஊர்க் கடைகளில் விற்ற 8 பிட் டிவி கேம் பெட்டி ஒன்று பழுதுபார்க்க வந்தது. ஜப்பானில் 1983இல் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் கேம் பெட்டியின் நகல் வகை. 60 முனை கேசட் போடும் இடம், 9 முனை பிளக் கொண்ட இரண்டு ரிமோட்டுகள், ஒரு துப்பாக்கி, ஐந்து கேசட்டுகள், ஒரு 9 வோல்ட் அடாப்டர் ஆகியவை கூடவே வந்தன. மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் சிறுவயதில் விளையாடியது. இருவரும் இப்போது நாற்பதைத் தொடும் வயதில் இருக்கிறார்கள்.

கேட்டது இதுதான்: பெட்டி பழைய பெட்டியாகவே இருக்க வேண்டும், பழைய ரிமோட்டிலேயே ஆட வேண்டும், ஹாலில் இருக்கும் புது எல்ஈடி டிவியில் எச்டிஎம்ஐ வழியாகப் படம் வர வேண்டும், வீட்டில் யார் வேண்டுமானாலும் அணைத்துப் போடலாம் என்றிருக்க வேண்டும்.

இந்த நான்கில் மூன்றாவதுதான் எளிது. பெட்டிக்குள் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையை (இனி பை) வைத்து, பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டரை ஓடவைக்க ஒரு மாலைப்பொழுது போதும். பழைய ரிமோட், மின் இணைப்பு, ஆட்டத்தின் வேகம் ஆகிய மூன்றும்தான் வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. ஆகவே இந்தப் பதிவும் அவற்றிலேயே அதிகம் நிற்கிறது.

மேசையில் கண்டவை

அண்ணன் சொன்ன விவரம்: பல வருடம் பரணில் கிடந்தது, போன மாதம் எடுத்து வேறொரு அடாப்டர் போட்டுப் பார்த்தார், விளக்கு எரியவில்லை. அந்த "வேறொரு அடாப்டர்" முக்கியமான தடயம். இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் பவர் ஜாக்கின் நடுமுனை மைனஸ். இன்று கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். ஜாக்கின் அளவு ஒன்றே என்பதால் தடையில்லாமல் நுழைந்துவிடும். உள்ளே எதிர்திசை மின்னோட்டத்தைத் தடுக்கும் டயோடு இல்லாத சர்க்யூட் பலகையில் சேதம் உடனே நேரும்.

திறந்து பார்த்ததில் டயோடு இல்லை. 5 வோல்ட் தர வேண்டிய 7805 ரெகுலேட்டரின் வெளியீட்டில் 0.4 வோல்ட். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, மின்னோட்ட வரம்பை 300 மில்லிஆம்பியரில் வைத்த பெஞ்ச் சப்ளையிலிருந்து நேரடியாக 5 வோல்ட் கொடுத்தபோது அழுத்தம் 0.9 வோல்ட்டுக்குச் சரிந்தது. பலகையில் எங்கோ ஷார்ட். மின்தேக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றியும் ஷார்ட் போகவில்லை. கறுப்பு எபாக்ஸி குமிழிக்கு அடியில் இருக்கும் ஒற்றைச் சிப்தான் இந்தப் பெட்டியின் செயலியும் படச் சிப்பும். அது சில நொடிகளில் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அதை மாற்றுவதற்கு வழி கிடையாது.

பலகையின் வேகத்தைத் தீர்மானிக்கும் துடிப்பைத் தரும் கிரிஸ்டலில் 26.601 என்று அச்சிட்டிருந்தது. வரவுக் குறிப்பில் அதை எழுதி வைத்தாகிவிட்டது. அந்த எண்ணின் பயன் பின்னால் வரும்.

பலகையைக் கழற்றும் முன்

பலகை உயிரோடு இருந்தால் இந்த வேலையைத் தொடக்கூடாது என்பதே முதல் விதி. வேலை செய்யும் பழைய பலகையைப் பிடுங்கிவிட்டு எமுலேட்டர் வைப்பது இழப்பு. அப்படி இருந்திருந்தால் படத்தை டிவி சேனல் அலையாக மாற்றும், கெட்டுப்போன ஆர்எஃப் மாடுலேட்டரைத் தாண்டி, அதற்கு முந்தைய கம்பாசிட் வீடியோவை நேராக வெளியே எடுத்து, ஒரு மாற்றியின் வழியே டிவிக்குக் கொடுத்திருப்போம். "படம் வரவில்லை" என்று வரும் பெட்டிகளில் அடாப்டர், 7805, பவர் சுவிட்ச், கேசட் முனைகளின் அழுக்கு இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருப்பது வழக்கம். இந்த நான்கையும் சோதிக்காமல் பலகை செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

இங்கே பலகை செத்தது உறுதி. ஆனாலும் அதை வெட்டவில்லை. கேசட் சாக்கெட்டோடு முழுதாகக் கழற்றி, ஆன்டிஸ்டாட்டிக் பையில் போட்டு உரிமையாளரிடம் கொடுக்க முடிவானது. பெட்டியின் உள்ளே இருந்த நான்கு திருகுத் தூண்களுக்கு ஏற்ப 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு ஒன்றை வெட்டி, புதுப் பாகங்கள் எல்லாம் அதன் மேல் ஏற்றப்பட்டன. பெட்டியின் பிளாஸ்டிக்கில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. ஆர்எஃப் சாக்கெட் இருந்த ஓட்டையில் எச்டிஎம்ஐ நீட்டிப்பு, பவர் ஜாக் இருந்த ஓட்டையில் புதிய பவர் சாக்கெட். இதற்கான விலை: கேசட் வாய் வெறும் மூடியாக மட்டுமே இருக்கும், அதில் கேசட் போட்டால் ஒன்றும் நடக்காது. இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லியாயிற்று.

துப்பாக்கியைப் பற்றியும் அப்போதே சொல்லப்பட்டது. பழைய குழாய் டிவியில் எலக்ட்ரான் கற்றை வரிவரியாகத் திரையை வரையும் அந்த நேரக்கணக்கையும் வெளிச்சத் துடிப்பையும் நம்பித்தான் அது இலக்கை அறிகிறது. எல்ஈடி திரையில் அந்தத் துடிப்பு கிடையாது, படமும் சில மில்லிநொடிகள் தாமதித்தே வரும். ஆகவே துப்பாக்கி வேலை செய்யாது. சென்சர் பட்டையோடு வரும் புதுவகைத் துப்பாக்கி வாங்கலாம், ஆனால் அது வேறு செலவு. தம்பிக்கு வருத்தம்தான். இருந்தாலும் ஒப்படைக்கும் நாளில் சொல்வதைவிட இது மேல்.

பாகங்கள்

ராஸ்பெர்ரி பை 3ஏ பிளஸ் தேர்வானது. 65க்கு 56 மில்லிமீட்டர் அளவு, 1.4 கிகாஹெர்ட்ஸ் நான்கு கோர், 512 எம்பி நினைவகம், முழு அளவு எச்டிஎம்ஐ, ஒரே ஒரு யூஎஸ்பி. பை 4 இந்த வேலைக்கு மிகை, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வெப்பமும் கூடும். ஜீரோ 2 டபிள்யூ போதுமான வேகமுடையது, ஆனால் மினி எச்டிஎம்ஐயும் மைக்ரோ யூஎஸ்பியும் மாற்றிகளைக் கேட்கும். பெட்டிக்குள் அசையும் மாற்றி ஒவ்வொன்றும் நாளை வரப்போகும் ஒரு பழுது.

மற்றவை: பழைய ரிமோட்டுகளைப் படித்து யூஎஸ்பியில் தர 5 வோல்ட் வகை ப்ரோ மைக்ரோ என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்று, யூஎஸ்பி சி பவர் பிரேக்அவுட் போர்டு ஒன்று, 5.1 வோல்ட் 3 ஆம்பியர் சப்ளை, 16 ஜிபி மெமரி கார்டு, 15 சென்டிமீட்டர் எச்டிஎம்ஐ நீட்டிப்பு, 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், எம் 2.5 ஸ்பேசர்கள் நான்கு. பையின் திருகு ஓட்டைகள் 58க்கு 49 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ளன. தகட்டைத் துளையிடும் முன் இந்த அளவைக் காகிதத்தில் வரைந்து ஒட்டிக்கொள்வது நல்லது.

ப்ரோ மைக்ரோ வாங்கும்போது கவனம் தேவை. 3.3 வோல்ட் 8 மெகாஹெர்ட்ஸ் வகையும் 5 வோல்ட் 16 மெகாஹெர்ட்ஸ் வகையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல், யூஎஸ்பியில் செருகி விசிசி என்ற மின் முனையை மீட்டரில் அளந்து பார்ப்பதே உறுதியான வழி.

மின்சாரம் நுழையும் வழி

முதல் யோசனை, பழைய பவர் ஜாக்கையே வைத்து அதில் 5 வோல்ட் கொடுப்பது. பார்வைக்கு அழகு. ஆனால் அது கைவிடப்பட்டது. பழைய 9 வோல்ட் அடாப்டர் அதே வீட்டில்தான் இருக்கப்போகிறது. ரெகுலேட்டர் இல்லாத அந்தவகை அடாப்டர் சுமையில்லாதபோது 12 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். யாராவது ஒருநாள் அதைச் செருகினால் பை அக்கணமே போய்விடும். முந்தைய பலகையும் தவறான அடாப்டரால்தான் செத்தது. பிளக் வடிவமே வேறாக இருந்தால் அந்தத் தவறு நடக்கவே முடியாது. அதனால் யூஎஸ்பி சி.

யூஎஸ்பி சி போர்டிலும் ஒரு சிக்கல் உண்டு. சிசி1, சிசி2 என்ற இரண்டு முனைகளிலும் தனித்தனியே 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் தரைக்குப் போக வேண்டும். விலை குறைந்த போர்டுகளில் இவை இருப்பதில்லை. அப்போது ஒருமுனை ஏ வகையான பழைய கேபிளில் மின்சாரம் வரும், இரு முனையும் சி ஆன கேபிளில் வராது. வாங்கிய போர்டில் ரெசிஸ்டர் இல்லை, இரண்டும் வைத்துச் சால்டர் செய்யப்பட்டது. இரண்டு முனையையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வைப்பது தவறு, சில கேபிள்களில் சப்ளை மின்சாரம் தர மறுக்கும்.

யூஎஸ்பி சியிலிருந்து பெட்டியின் பழைய தள்ளு சுவிட்ச் வழியாகப் பையின் மைக்ரோ யூஎஸ்பிக்கு ஒயர் போனது. பையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஜிபிஐஓ முனைகளில் நேரடியாக 5 வோல்ட் கொடுத்தால் போர்டிலுள்ள பாதுகாப்பு ஃபியூஸைத் தாண்டிவிடும் என்பதால் அப்படிச் செய்யவில்லை. ஆனால் அந்தச் சுவிட்சே முதல் சோதனையில் தொல்லை தந்தது. திரையின் மூலையில் மின்னல் குறி, ஒலியில் கரகரப்பு. சப்ளையில் 5.1 வோல்ட் இருந்தும் பையின் 5 வோல்ட் முனையில் 4.6 மட்டுமே வந்தது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை எச்சரிக்கை காட்டும், செயலியின் வேகத்தையும் தானாகக் குறைத்துக்கொள்ளும். சுவிட்சின் உள்முனைகள் ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தன. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை தள்ளியபின் வீழ்ச்சி 0.05 வோல்ட்டாகக் குறைந்தது. இப்படிப்பட்ட இடத்தில் சப்ளையை மாற்றிப் பணத்தை வீணாக்குபவர்கள் அதிகம். சுமை ஓடும்போது சுவிட்சின் இரு பக்கமும் மீட்டர் வைத்தால் ஒரே நிமிடத்தில் குற்றவாளி தெரியும்.

பழைய ரிமோட்டுகள்

ரிமோட்டில் ஐந்து ஒயர்: 5 வோல்ட், தரை, லாட்ச், கிளாக், டேட்டா. எட்டு பொத்தான்களின் நிலை ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது என்ற வரிசையில் ஒவ்வொரு பிட்டாக வரும். அழுத்தினால் 0. அசல் ரிமோட்டில் 4021 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் இந்த வேலையைச் செய்கிறது. நகல்களில் அதுவும் கறுப்புக் குமிழிதான்.

பையின் ஜிபிஐஓவில் நேரடியாக இணைக்கும் வழி ஒன்று உண்டு, ட்ரைவரும் இருக்கிறது. அது இங்கே ஏற்கப்படவில்லை. பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, குமிழிச் சிப் 3.3 வோல்ட்டில் ஒழுங்காக வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சோதித்ததில் ஒரு ரிமோட் வேலை செய்தது, மற்றொன்றில் பொத்தான்கள் குழம்பின. ஆகவே 5 வோல்ட்டில் ஓடும் ப்ரோ மைக்ரோ. டீமன்பைட் என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் இரண்டு ரிமோட்டையும் ஒரே யூஎஸ்பியில் இரண்டு தனி கேம்பேடாகக் காட்டும். 3ஏ பிளஸ்ஸில் இருக்கும் ஒற்றை யூஎஸ்பி அதற்குப் போதுமானதாயிற்று. வரிசையும் மாறாது, இடது சாக்கெட் என்றைக்கும் முதல் ஆட்டக்காரர்தான். தனித்தனி யூஎஸ்பி மாற்றிகள் போட்ட பெட்டிகளில் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஒன்றும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும் தொல்லை இங்கே இல்லை.

9 முனை பிளக்கில் எந்த முனை எது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். படம் பார்த்து இணைப்பது ஆபத்து, 5 வோல்ட்டும் தரையும் மாறினால் ரிமோட் செத்துவிடும். செத்த தாய்ப்பலகை இங்கே உதவியது: சாக்கெட்டின் தரை முனையை 7805இன் நடுக்காலோடும், 5 வோல்ட் முனையை அதன் வெளியீட்டுக் காலோடும் கன்டினியூட்டி பார்த்து உறுதி செய்யப்பட்டது. தாய்ப்பலகையைக் கழற்றும் முன்பே இதைக் குறித்துக்கொண்டால் வேலை சுலபம்.

இரண்டாவது ரிமோட்டில் "வலது" அவ்வப்போது விட்டுப்போனது. பிரித்துப் பார்த்ததில் பலகையின் கார்பன் தடத்தில் பிசுக்கு, ரப்பரின் கார்பன் பொட்டும் தேய்ந்திருந்தது. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு இரண்டையும் துடைத்தபின், அழுத்தும்போது மின்தடை பல கிலோஓமிலிருந்து 400 ஓமுக்கு இறங்கியது. தேய்ப்புத் தாள் போட்டுத் தேய்ப்பது கூடாது, மிச்சமிருக்கும் கார்பனும் போய்விடும். முதல் ரிமோட்டின் கேபிள் பிளக்கின் கழுத்தில் உள்ளே அறுந்திருந்தது. 4 சென்டிமீட்டர் வெட்டிப் புதுப் பிளக் வைக்கப்பட்டது.

ரிமோட்டைச் செருகாதபோது டேட்டா முனை அந்தரத்தில் நின்றால் பேய் பிடித்ததுபோல் பொத்தான்கள் தாமாக அழுந்தும். ப்ரோ மைக்ரோவின் உள் புல்லப் ரெசிஸ்டர் இயங்கினால் முனை 1இல் நிற்கும், அதாவது எதுவும் அழுத்தப்படவில்லை. இரண்டு சாக்கெட்டும் காலியாக இருக்கும்போது ஒருமுறை சோதிப்பது கட்டாயம்.

மென்பொருளும் அணைக்கும் முறையும்

பழைய ஆட்டங்களை ஓட்டுவதற்கான ரெட்ரோபை 4.8 மென்பொருள் தொகுப்பு, அதில் இந்த 8 பிட் பெட்டிக்கான எமுலேட்டர் நிரலான எஃப்சிஈயுஎம்எம் கோர். வைஃபை, புளூடூத் இரண்டும் அணைக்கப்பட்டன. ஐந்து கேசட்டில் நான்கு ஆர்டுயினோ மெகா அடிப்படையிலான திறந்த மூல ரீடரில் படிக்கப்பட்டன. ஐந்தாவது, ரீசெட் அழுத்தினால் அடுத்த ஆட்டத்துக்குப் போகும் வகைப் பலஆட்டக் கேசட். ரீடரில் முதல் ஆட்டம் மட்டுமே வந்தது. அதை அப்படியே விட்டு, குறிப்பில் எழுதிக் கொடுக்கப்பட்டது. உரிமையாளரிடம் இருந்த கேசட்டுகளும் இலவசமாகப் பகிர அனுமதிக்கப்பட்ட புதுப் படைப்புகளும் மட்டுமே கார்டில் ஏற்றப்பட்டன. ஆயிரக்கணக்கில் ஆட்டங்களை அள்ளிப்போடுவதில் உரிமைச் சிக்கல் இருக்கிறது. அதுபோக, அவ்வளவு நீளப் பட்டியலைப் புரட்டியே நேரம் போய்விடும், ஒன்றையும் ஆடமாட்டார்கள்.

"யார் வேண்டுமானாலும் அணைக்கலாம்" என்ற நிபந்தனைக்கு இரண்டு அடுக்குத் தீர்வு. பெட்டியின் ரீசெட் பொத்தான் ஜிபிஐஓ 3க்கும் தரைக்கும் இடையே இணைக்கப்பட்டது. ஒருமுறை அழுத்தினால் முறையாக அணையும், அணைந்தபின் அழுத்தினால் மீண்டும் எழும். ஆனால் யாரும் அதை நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. சுவரில் சுவிட்சைத் தட்டுவார்கள், அல்லது கரன்ட் போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கார்டின் கோப்பு அமைப்பு கெடும். எனவே பையின் அமைப்புக் கருவியான ராஸ்பி கான்ஃபிக்கில் ஓவர்லே கோப்பு அமைப்பு இயக்கப்பட்டது. கார்டில் எதுவும் எழுதப்படாது, மாற்றமெல்லாம் நினைவகத்தில் நடந்து மறையும். ஆட்ட முன்னேற்றம் சேமிக்கப்படாது என்பது இதன் குறை. இவர்களுடைய கேசட்டுகளில் சேமிப்பு பேட்டரி ஒன்றிலும் இல்லை, அசல் பெட்டியும் அணைத்தால் மறந்துவிடும். ஆகவே இந்த வீட்டுக்கு இது இழப்பே அல்ல. பேட்டரி கேசட் வைத்திருப்பவர்களுக்குச் சேமிப்புக்காகத் தனிப் பார்ட்டிஷன் தேவைப்படும்.

ஒப்படைப்பும் திரும்பி வந்த புகாரும்

பெட்டி வீட்டுக்குப் போனது. இரண்டு நாளில் அண்ணன் அழைத்தார்: "எல்லாம் நல்லா இருக்குங்க. ஆனா மாரியோ ரொம்ப வேகமா ஓடுறான். பாட்டும் நாங்க கேட்ட பாட்டு மாதிரி இல்ல." தம்பிக்கும் அதே எண்ணம், இருவரும் தனித்தனியே சொன்னார்கள்.

வயதானால் கை மெதுவாகும் என்று சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடிய புகார். ஆனால் வரவுக் குறிப்பில் இருந்த 26.601 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அவர்கள் சொன்னதுதான் சரி என்றது. ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகளின் கிரிஸ்டல் 21.477. அவை நொடிக்கு 60 படம் வரையும். இந்தியாவில் இருந்த பால் (PAL) முறை டிவிக்கான நகல்கள் நொடிக்கு 50. ஆட்டத்தின் தர்க்கம் படத்துக்குப் படம் நகர்வதால், அதே ஆட்டம் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. எமுலேட்டரோ ஆட்டக் கோப்பைப் பார்த்து 60க்கான முறையைத் தானாக எடுத்துக்கொண்டது. அவர்கள் வளர்ந்த ஆட்டத்தைவிட அது 20 சதவீதம் வேகம்.

இங்கே "பால்" என்று மாற்றினால் தீர்ந்துவிடும் என்று தோன்றும், தீராது. ஐரோப்பாவில் விற்ற அசல் பெட்டி அந்தக் கிரிஸ்டலை 16ஆல் வகுத்து 1.66 மெகாஹெர்ட்ஸில் செயலியை ஓட்டியது, அதனால் பாட்டின் சுருதி அரைக் கட்டைக்கும் அதிகமாக இறங்கும். நகல்கள் 15ஆல் வகுத்தன: 1.773 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்கப் பெட்டியின் 1.79க்கு மிக அருகில். சுருதி ஏறக்குறைய அதே, தாளம் மட்டும் மெதுவாகும். இந்தக் கலவைக்கு எமுலேட்டரில் தனிப் பெயர் உண்டு: டெண்டி, ரஷ்யாவில் விற்ற நகலின் பெயர். எஃப்சிஈயுஎம்எம் கோரின் ரீஜன் அமைப்பில் டெண்டி தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஒலியின் குணம் வேறாக இருந்ததற்கும் காரணம் கிடைத்தது. நகல் சிப்புகள் பலவற்றில் சதுர அலையின் 25 சதவீத அகலமும் 50 சதவீத அகலமும் இடம் மாறியிருக்கும். அதே சுரம், வேறு நாதம். கோரில் டூட்டி சைக்கிளை மாற்றும் அமைப்பு இருக்கிறது, அதுவும் இயக்கப்பட்டது.

மூன்றாவது மாற்றம் எச்டிஎம்ஐயில். 50 படத்தை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டினால் நொடிக்குப் பத்துமுறை படம் இரட்டித்து, நகரும் காட்சி திக்கும். வெளியீடு 720பி 50 ஹெர்ட்ஸ், அதாவது பையின் எச்டிஎம்ஐ அமைப்பில் குழு 1, மோடு 19 ஆக்கப்பட்டது. 1080ஐ விட 720 இங்கே பொருத்தம். அசல் படம் 240 வரி, சரியாக மூன்று மடங்கு 720. முழு எண் அளவீட்டை இயக்கி, மேல் கீழ் வெட்டும் ஓவர்ஸ்கேனை நிறுத்தினால் ஒவ்வொரு புள்ளியும் கூர்மையாக நிற்கும். டிவியில் கேம் மோடு, கோரில் ஒரு படம் அளவுக்கு ரன் அஹெட், அதாவது ஆட்டத்தை ஒரு படம் முன்கூட்டியே கணக்கிட்டுத் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு. அதன்பின் பொத்தான் தாமதம் பற்றிப் புகார் இல்லை.

மறுபடி இருவரும் ஆடிப் பார்த்தார்கள். முதல் மேடையிலேயே தம்பி சொன்னார்: "இதுதான்ணே அது."

பின்தொடர்வு

கோடையைத் தாண்டியபின் பெட்டி ஒருமுறை திறந்து பார்க்கப்பட்டது. அறை 36 டிகிரியில் இருக்கும்போது ஒரு மணி நேர ஆட்டத்துக்குப்பின் செயலி 62 டிகிரி. இந்த மாடலில் 60 டிகிரியைத் தாண்டினால் வேகம் 1.4இலிருந்து 1.2 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். 8 பிட் ஆட்டத்துக்கு அது பொருட்டில்லை, ஆனாலும் 14 மில்லிமீட்டர் அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டப்பட்டது. விசிறி வைக்கவில்லை. மெமரி கார்டில் பிழை இல்லை, அதற்குள் எண்ணற்ற முறை சுவர் சுவிட்சில் அணைக்கப்பட்டிருந்தும். ப்ரோ மைக்ரோவின் யூஎஸ்பி சாக்கெட் தடத்திலிருந்து லேசாகப் பெயரத் தொடங்கியிருந்தது, அந்தப் போர்டின் தெரிந்த பலவீனம். எபாக்ஸி பசை வைத்துக் கேபிளையும் தகட்டோடு கட்டியாயிற்று.

அடுத்த பெட்டியில் மாற்றப்படுபவை

கிரிஸ்டலின் எண் வரவுக் குறிப்போடு நின்றுவிடாமல் மென்பொருள் அமைப்புத் தாளின் முதல் வரியாகப் போகும். 21.477 என்றால் 60 ஹெர்ட்ஸ், 26.601 என்றால் டெண்டி, எண் அழிந்திருந்தால் எந்த டிவியோடு ஆடினார்கள் என்று கேட்டு முடிவு செய்யலாம். எண் எதைச் சொன்னாலும், ஓவர்லே போட்டுக் கார்டைப் பூட்டும் முன் உரிமையாளரை அழைத்து ஒரு மேடை ஆடச் சொல்வது நல்லது. ஏனென்றால் ஓவர்லேயை இயக்கியபின் அமைப்பை மாற்ற அதை நிறுத்தி, மறுதொடக்கம் செய்து, மாற்றி, மீண்டும் இயக்க வேண்டியிருக்கிறது.

பழைய பவர் சுவிட்ச் முழு மின்னோட்டத்தையும் சுமக்கும் ஏற்பாடு வேண்டாம். கிளீனர் அடித்தது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. சுவிட்ச், மின்னணுச் சுவிட்சாக வேலை செய்யும் ஒரு சிறு பி சேனல் மாஸ்ஃபெட்டின் கேட் என்ற கட்டுப்பாட்டு முனையை மட்டும் இழுத்தால், அதன் முனைகள் எவ்வளவு அழுக்கானாலும் பைக்கு முழு 5 வோல்ட் போகும். பெரிய செலவில்லை, பழைய சுவிட்சின் தள்ளும் உணர்வும் அப்படியே இருக்கும். ப்ரோ மைக்ரோவுக்குச் சாக்கெட்டின் கால்கள் போர்டைத் துளைத்து நிற்கும் யூஎஸ்பி சி வகை வாங்கப்படும்.